வெள்ளைப் பாதி

அக்டோபர் பதினான்காம் தேதி, புதன்கிழமை, மாலை மணி ஐந்து முப்பது. காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றின் ஒரே மருந்துக்கடையில், மேசைமேல் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளருக்கு அடியில் ஒரு காகித அட்டை இருந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. வெள்ளைப் பாதி சுத்தமாக இருந்தது.

அது சுத்தமாக இருக்கக் கூடாது.

அந்த ஊரில் மழை பிடித்துவிட்டால் ஆளாளுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். திரும்புகிற வழியில் மருந்துக்கடை வாசலில் நிற்பார்கள். மருந்தாளுநர் படிப்போடு காளான்களைப் பிரித்தறியும் பயிற்சியும் எடுத்தவள் அந்த வட்டாரத்தில் அந்தக் கடைக்காரி ஒருத்திதான். ஊருக்கு அவள் மருந்தக்கா. கூடையைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, நல்லதென்றால் பச்சைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். பதினெட்டு வருடமாக அந்தச் சீட்டை நம்பித்தான் மழைக்கால அடுப்புகள் எரிந்தன.

சீட்டுக் கொடுத்த பிறகும் ஒரு வேலை உண்டு. கூடைக்கு ஒரு காளான் எடுத்து வைத்துக்கொள்வாள். தண்டை நீக்கி, குடையை அட்டையின் நடுவில் கவிழ்த்து, தம்ளரால் மூடி, கூடையின் எண்ணை எழுதி வைப்பாள். ஒரு நாளில் குடையின் அடி மடிப்புகளிலிருந்து தூள் உதிர்ந்து அட்டையில் படியும். ஊரார் விரும்பித் தின்னும் சோம்புக் காளான் என்றால் வெள்ளைப் பாதியில் காப்பித்தூள் நிறத்தில் கோடு கோடாக விழும். மறுநாள் மாலை அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஒரு டிக் போடுவாள். அதற்குள் கூடைக்காரர்கள் சமைத்துச் சாப்பிட்டு ஏப்பமும் விட்டிருப்பார்கள். பதினெட்டு வருடத்தில் டிக் போடாத நாளில்லை.

இன்றைய மாலையும் அப்படித்தான் தொடங்கியது. நாற்காலிமேல் நின்றிருந்த எலக்ட்ரீஷியன் புது ட்யூப்லைட்டைப் பொருத்திவிட்டுக் கையை உதறினார். "போடுங்கக்கா."

இரண்டு தடவை கண்ணடித்துவிட்டு விளக்கு நின்று எரிந்தது. அலமாரிகள், பாட்டில்கள், எடைமிஷின் எல்லாம் சட்டென்று கழுவிவைத்த மாதிரி வெளுத்தன.

"அப்பாடா. ரெண்டு நாளா இந்த மஞ்ச பல்புல உக்காந்து எப்படிக்கா மாத்திரை பேரெல்லாம் படிச்சீங்க? கடைக்கே காமாலை வந்த மாதிரி இருந்துச்சு."

"நீங்க திங்கக்கிழமையே வர்றேன்னு சொன்னீங்க."

"சொன்னேன். எந்தத் திங்கக்கிழமைன்னு சொல்லலியே."

சிரித்துக்கொண்டேதான் அவள் தம்ளரைத் தூக்கினாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் அட்டையில் விழுந்தது. வெள்ளைப் பாதியில் ஒன்றுமில்லை. கறுப்புப் பாதியில், சக்கரத்தின் ஆரங்கள்போல், மாவைத் தூவினாற்போல் வெள்ளைக் கோடுகள்.

விரலால் தொட்டாள். மாவுபோலவே ஒட்டியது.

குடையைத் திருப்பினாள். அடி மடிப்புகள் பால் வெள்ளை. நேற்று இதே மேசையில் இதைத் திருப்பிப் பார்த்தபோது இளஞ்சிவப்பாக இருந்தது. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பழைய காகிதம்போல மங்கலான, சூடான ஓர் இளஞ்சிவப்பு.

"அந்தப் பல்பை மறுபடியும் மாட்டுங்க."

"எதுக்குக்கா?"

"மாட்டுங்களேன்."

அவர் மாட்டினார். அவள் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டுப் பல்பைப் போட்டாள். மடிப்புகள் இளஞ்சிவப்பாயின. பல்பை அணைத்து ட்யூப்லைட்டைப் போட்டாள். வெள்ளை. மறுபடி பல்பு. இளஞ்சிவப்பு. குடையின் தோலை நகத்தால் கீறினாள். சோம்புக் காளான் என்றால் கீறிய இடம் மஞ்சளிக்கும். பல்பு வெளிச்சத்தில் மஞ்சளித்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் வெறும் கீறல்.

"என்னக்கா, சுவிட்ச் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் எலக்ட்ரீஷியன். தன் பையை எடுத்துக்கொண்டு, "நான் வர்றேன்" என்று இறங்கிப் போனார்.

சோம்புக் காளானுக்கு அச்சு அசலான ஒரு ஜோடி உண்டு. அதே காடு, அதே மழை, அதே வெள்ளைக் குடை, தண்டில் அதே மெல்லிய வளையம். ஊரில் அதற்குப் பேர் வைக்கவில்லை. 'மத்தது' என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. மற்றதைத் தின்றவனுக்கு எட்டுப் பத்து மணி நேரம் ஒன்றும் தெரியாது. ருசியாகவும் இருக்குமாம். அதற்குள் அது ஈரலுக்குப் போய் உட்கார்ந்துவிடும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அதன் விஷம் போகாது.

பிரித்தறிய அவளுக்கு நான்கு வழிகள் இருந்தன. மடிப்பின் நிறம்; அதைப் பல்பு கெடுத்தது. நகக்கீறல்; அதையும் பல்பு கெடுத்தது. சோம்பு வாசனை, ஒரே கூடையில் ஒன்றோடொன்று கிடந்தால் எல்லாமே சோம்பாகத்தான் மணக்கும். நான்காவது, தண்டின் அடி. மற்றதன் தண்டு மண்ணுக்குள் முட்டையோடு போன்ற ஒரு வெள்ளைப் பையிலிருந்து கிளம்பும். அதைப் பார்த்தால் குருடனும் சொல்லிவிடுவான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வனத்துறை காட்டு வாசலில் பலகை வைத்தது: பிடுங்காதீர்கள், அறுத்தெடுங்கள். அறுத்தால்தான் அடுத்த மழைக்கும் முளைக்கும். ஊரே சொன்னபடி கேட்டது. கத்தி தரையோடு அறுக்க, பை மண்ணிலேயே நின்றுவிடும். "அடியோட கொண்டாங்க" என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தாள். "வனக்காவலர் திட்டுறாருக்கா" என்றார்கள். பிறகு அவளும் சொல்வதை விட்டாள்.

தம்ளரில் ஒட்டியிருந்த எண் ஆறு. பதிவேட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை, கூடை எண் ஆறு, பதினாலு காளான். பெயருக்கு நேரே அவள் எழுதியிருந்தது: குருவி.

குருவி அவள் நாத்தனார். கணவரின் தங்கை. வீடு அடுத்த தெரு.

*

"சொல்லுங்கண்ணி! கடையில ஈ ஓட்டுறீங்களா?" என்றாள் குருவி ஃபோனில்.

"சும்மாதான். என்ன பண்றீங்க?"

"என்ன பண்றோம், உங்க வீட்டுக்காரர் வந்து உக்காந்தவரு இன்னும் எந்திரிக்கல. மத்தியானம் காளானை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. 'உங்க அண்ணி சீட்டுப் போட்டா கல்லைக்கூட வதக்கித் திங்கலாம்'னு பெருமை வேற."

பின்னால் கணவரின் குரல் கேட்டது. "கல்லுன்னு நான் சொல்லல குருவி. கதை கட்டாத." அதற்கும் பின்னால் ரேடியோவில் செய்தி முடிந்து பாட்டு தொடங்கியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். குருவியின் கணவர் தச்சர், அவராகத்தான் இருக்கும்.

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?"

"ஒரு மணி இருக்கும். ஏன்?"

சாப்பிட்டு நான்கு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் எதுவும் தெரியாத நேரம். மருத்துவமனை நாற்பது கிலோமீட்டர். அவள் கடைச் சுவரில் அவள் கையெழுத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது, ட்யூப்லைட்டில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது: சந்தேகம் வந்த நிமிடமே கிளம்புங்கள். உறுதிசெய்யக் காத்திருக்காதீர்கள்.

வாயைத் திறந்தாள். 

"மீதி இருக்கா?"

"அரைச் சட்டி இருக்கு. ராத்திரிக்கு ஆகும்."

ஒரு வார்த்தை. சாப்பிடாதீங்க. அதைச் சொன்னால் அடுத்து 'ஏன்' என்பாள் குருவி. அதற்குப் பதில் சொன்னால் பதினெட்டு வருடம் போய்விடும். நாளைக் காலைக்குள் ஊர்க்கோடிவரை தெரிந்துவிடும். அதுவும் ஒரு காளானுக்காக. பதினாலில் ஒன்று மட்டும் மாறி வந்திருக்கலாமே. அந்த ஒன்று அவளிடமே தங்கிவிட்டது. மீதி பதிமூன்றும் நல்லதாக இருந்தால்?

"எனக்கு வெச்சிரு குருவி. நான் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம். அதுவரைக்கும் தொடாதீங்க."

"பார்றா! மத்தியானம் குடுத்தனுப்பினது பத்தலையாக்கும்? வாங்க வாங்க."

"எங்க அறுத்த?"

"தண்ணித்தொட்டிக்குப் பின்னால, மூணு மரம் ஒண்ணா நிக்குமே, அதுக்கடியில. ஏன்? எனக்குத் தெரியாம நீங்க அறுவடை பண்ணப் போறீங்களா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு தானாகவே வந்தது. ஃபோனை வைத்ததும் மேசைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை வந்தது. குனிந்தாள். மதியம் குருவி கொடுத்தனுப்பிய டப்பா, கூட்டம் இருந்ததால் திறக்காமலே கிடந்தது. திறந்தாள். வெங்காயத்தோடு வதங்கிப் பழுப்பேறிய சின்னச் சின்னத் துண்டுகள். எது குடை, எது தண்டு என்றுகூடத் தெரியவில்லை. நறுக்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். மூடினாள்.

அடித்தண்டுகள் மட்டும் இன்னும் மண்ணில் இருந்தன. பதினாலும்.

மாத்திரைகளைத் தள்ளி எண்ணும் மழுங்கிய தட்டைக் கத்தியை மேசையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

*

தண்ணீர்த்தொட்டியைத் தாண்டியதும் ஒற்றையடிப்பாதை. மழை விட்டிருந்தது, ஆனால் மரங்களுக்குள் அது விடவில்லை, மேல் இலையிலிருந்து நடு இலைக்கும் நடு இலையிலிருந்து கீழே கிடந்த சருகுக்கும் ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது, அந்தச் சொட்டுகள் எங்கோ பின்னால் ஓர் ஆள் காலை அழுத்தாமல் நடந்து வருவதுபோலவும், அவள் நின்றால் இரண்டடி கூடுதலாக நடந்துவிட்டு நிற்பதுபோலவும் கேட்டன. ஊறிய மரப்பட்டை, மக்கிய இலை, நனைந்த நாயின் மயிர் என்று கலந்து வந்த வாடைக்கு நடுவே மெல்லிய நூலாகச் சோம்பு மணந்தது. வெளியே மாலை வெளிச்சம் மிச்சம் இருந்தது. மூன்று மரங்களுக்குக் கீழே அது இல்லை. மணி ஆறு பத்து.

ஃபோனின் விளக்கைத் தரையில் அடித்தாள். 

சருகுக்கு நடுவே கோட்டுப் பொத்தான்கள்போல வட்ட வட்டமாக வெள்ளை வெட்டுகள். தச்சர் தீட்டிக் கொடுத்த கத்தி; அவ்வளவு சுத்தமான வெட்டு. எண்ணினாள். ஒன்பது தெரிந்தது. இலைகளை விலக்க விலக்க மற்றவை வந்தன. பதினாலு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

கணக்கு சின்னது. பதினாலு அடித்தண்டில் ஒரே ஒன்றுக்குக் கீழே பை இருந்தால், அது கடையில் தம்ளருக்குள் இருப்பது. எல்லாரும் பிழைத்தார்கள். அவளும் பிழைத்தாள். இரண்டாவது பை இருந்தால், அது சட்டிக்குள் போயிருக்கிறது.

முட்டிபோட்டு உட்கார்ந்தாள். ஈரம் துணியைத் தாண்டி முட்டியில் ஏறியது.

முதல் அடித்தண்டைச் சுற்றிக் கத்தியை இறக்கி நெம்பினாள். சின்ன வெங்காயம்போல உருண்ட அடி, மண் ஒட்டிக்கொண்டு. பை இல்லை. சோம்புக் காளான். இரண்டாவது, அதேதான். மூன்றாவதும். மூக்கில் வைத்து முகர்ந்தாள், இனிப்பாக மணந்தது.

நான்காவதில் கத்தி எதிலோ வழுக்கியது. மண் மாதிரி இல்லை. தோல் மாதிரி. விரலை விட்டுத் தோண்டினாள். விரல் நுனிக்குக் கீழே மெத்தென்று, வேகவைத்த முட்டையின் உள்தோலைப்போல ஒன்று. வெளிச்சத்தைத் தாழ்த்தினாள். வாய் பிளந்த வெள்ளைப் பை. அதன் நடுவில் அறுபட்ட தண்டு, வாய்க்குள் நாக்கு மாதிரி.

"ஒண்ணு" என்றாள் சத்தமாக.

இது அதுதான். தம்ளருக்குள் இருப்பது. அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்து, நல்லது. ஆறு, நல்லது. ஏழு. எட்டு. ஒன்பதாவதைத் தூக்கிப் போட்டபோது, இதை எப்படி ஒரு வேடிக்கைக் கதையாக்கிக் கணவரிடம் சொல்லலாம் என்றுகூட யோசித்தாள். பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்கு நேரம் குறிக்கிற வேலை அவருக்கு. எந்தக் கதையைச் சொன்னாலும் 'அப்ப மணி எத்தனை' என்று கேட்பார். சேற்றில் முட்டிபோட்டு வேர் எண்ணினேன் என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார். பத்து, நல்லது. பதினொன்று, நல்லது.

சொட்டுகள் நின்றுவிட்டிருந்தன. எப்போது நின்றன என்று தெரியவில்லை. 

மூன்றாவது மரத்தின் அடியில் மீதி மூன்றும் அருகருகே இருந்தன. விளக்கை அங்கே திருப்பினாள். நடு வெட்டின்மேல் ஒரு நத்தை, ஓடில்லாதது, விரல் நீளம். தலையை ஆட்டி ஆட்டி வெள்ளைச் சதையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. அந்த அமைதியில் அது சுரண்டும் சத்தம் கேட்டது. பூச்சி தின்றால் மனுஷனும் தின்னலாம் என்று நம்புகிறவர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள், அது பொய், நத்தைக்கு ஒன்றும் ஆகாது என்று. 

கத்தி நுனியால் தள்ளிவிட்டாள். நெம்பினாள்.

மெத்தென்றது.

இரண்டு.

எழுந்துவிட வேண்டும். ஒன்று போதும். ஒரே ஒன்று போதும், அவளுக்குத் தெரியும். ஆனால் கை நிற்கவில்லை. இந்தப் பக்கம் இருந்ததை நெம்பியது. மூன்று. அந்தப் பக்கம். நான்கு. கை இன்னும் நிற்கவில்லை. நான்காவது பையின் விளிம்பில், வெட்டே படாத இடத்தில், மண்ணை முட்டிக்கொண்டு முழு உருண்டையாக ஒன்று தெரிந்தது. இன்னும் வெடிக்காத பை. கத்தி அதன்மேல் இறங்கியது. முட்டையைப்போல இரண்டாகப் பிளந்தது.

உள்ளே அது இருந்தது. முழுசாக. கட்டைவிரல் நகத்தளவு. குடை, மடிப்பு, வளையம், தண்டு, எல்லாம் தயாராக. தலையைக் குனிந்து, முட்டியை மடக்கி, கண்ணை மூடிக்கொண்டிருப்பதுபோல. காத்துக்கொண்டு.

மணி ஏழு இருபது. 

குருவிக்கு ஃபோன் அடித்தாள். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. 

ஓடினாள். பின்னால் சொட்டுகளும் ஓடி வந்தன.

*

குருவியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தச்சர் ரொட்டித் துண்டால் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். மேசை நடுவில் சட்டி. அடி தெரிந்தது.

"நீங்கதான் ஃபோன் பண்ணீங்களா அண்ணி? கை எச்சிலா இருந்துச்சு, அதான் எடுக்கல." குருவி விரலைச் சூப்பிக்கொண்டே எழுந்தாள். "மூஞ்சியப் பாருங்க. மறந்துட்டோம்னு நெனச்சீங்களா? அண்ணனும் இவரும் சட்டியையே நக்கப் பாத்தாங்க. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் நாங்க கை வெச்சோம்."

அலமாரியிலிருந்து தட்டுப் போட்டு மூடிய ஒரு கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே." தன் குரல் வேறு யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது.

"நீ எட்டு மணிக்கு வருவேன்னு பசி காத்திருக்குமா?" என்றார் கணவர். "அதென்ன, கையெல்லாம் சேறு?"

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"யாருக்கு என்னாச்சு?"

"உங்களுக்கு."

"எங்களுக்கென்ன? கல்லு மாதிரி இருக்கோம்" என்று குருவி சிரித்தாள். மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு தச்சர் அவள் கையிலிருந்த மாத்திரைக் கத்தியைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தோலைப் பார்த்தார். எழுந்துபோய் ரேடியோவை அணைத்தார்.

"நான் வண்டிய எடுக்கறேன்" என்றார்.

நாற்பது கிலோமீட்டரும் மூவரும் நன்றாக இருந்தார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தச்சர் தானே வண்டி ஓட்டினார். குருவி பின்சீட்டில், "அண்ணி, பயப்படாதீங்கண்ணி, ஒண்ணும் இருக்காது" என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் வேகமாக எழுதிக்கொண்டார். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை முறை, எப்போது.

"மத்தது கலந்திருக்குன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"ஏழே முக்கால்" என்றாள்.

டாக்டர் அதையும் எழுதினார். "தெரிஞ்ச உடனே கூட்டிட்டு வந்துட்டீங்க. நல்லது. ரெண்டாவது தடவை சாப்பிட்டதுதான் ஜாஸ்தி."

பதினொரு மணிக்குத் தச்சர் முதலில் வாந்தியெடுத்தார்.

வியாழக்கிழமையைப் பற்றி அவளிடம் துண்டுகள்தான் மிச்சம். பக்கெட் சத்தம். பினாயில் வாடை. நடைபாதை பெஞ்சின் குளிர்ந்த இரும்பு. கணவரின் கால்விரல்கள் போர்வைக்கு வெளியே சுருண்டு சுருண்டு விரிந்தது. குருவி ஒரு தடவை "அம்மா" என்றாள். அந்தப் பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் நின்றது. 

*

சனிக்கிழமை காலை அவள் வார்டுக்குள் நுழைந்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மழை இருட்டு. உள்ளே விளக்குகள் எரிந்தன. மூன்று கட்டில்கள் வரிசையாக. மூவரும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கண்ணி. காப்பி கேட்டா தரமாட்டேங்கறாங்க. நீங்க சொல்லுங்க, உங்க பேச்சுக்கு மரியாதை உண்டு."

"பச்சைச் சீட்டு போட்டுக் குடுங்கக்கா" என்றார் தச்சர். குருவி அவரைத் தலையணையால் அடித்தாள்.

சற்று முன் நடைபாதையில் டாக்டர் அவளிடம் ஈரல் பரிசோதனைத் தாள் ஒன்றைக் காட்டியிருந்தார். மருந்தாளுநர் என்பதால் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நேற்று மாலை எண்கள். இன்று காலை எண்கள். காலை எண்கள் பத்து மடங்கு. வாந்தி நின்று, பசி வந்து, இரண்டு நாள் சிரித்துப் பேசவிட்டுத்தான் அது தன் வேலையை முடிக்கும் என்று அவளும் பயிற்சியில் படித்திருந்தாள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

கணவரின் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சூடாக இருந்தது. படுத்துப் படுத்துச் சலித்துப்போய்ப் பணிமனை வேலையைச் செய்துகொண்டிருந்தார், விரல்விட்டு.

"ஒரு மணி, மத்தியானச் சாப்பாடு. ஏழு பத்து, மறுபடியும் சாப்பாடு. ஏழு இருபது, நீ ஃபோன் பண்ண, நாங்க எடுக்கல. ஏழே முக்கால், நீ வந்த. சரியா?"

"சரி."

"நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. அஞ்சு நாப்பது. செய்தி முடிஞ்சு பாட்டுப் போட்டான், அப்ப நீ குருவிகிட்ட பேசின."

"ஆமாண்ணே" என்றாள் குருவி. "எங்க அறுத்தன்னு கேட்டாங்க. மீதி இருக்கான்னு கேட்டாங்க. தொடாதீங்கன்னாங்க."

தச்சர் சுவரைப் பார்த்தார்.

"அஞ்சு நாப்பதுக்கு எதுக்கு ஃபோன் பண்ண?" என்றார் கணவர். கோபமாகக் கேட்கவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கேட்பதுபோலக் கேட்டார்.

அவள் நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தாள்.

பிறகு குருவியின் கண்களை. பிறகு தச்சரின் கண்களை.

செவிலிப்பெண் பக்கத்துக் கட்டிலில் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டாள்.

"இங்க மஞ்ச பல்பா போட்டிருக்கீங்க?"

செவிலிப்பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"இல்லக்கா. ட்யூப்லைட்தான். வெள்ளை. போன வாரம்தான் எல்லாத்தையும் மாத்தினாங்க."

கணவர் இன்னும் அவள் கையை விடவில்லை. பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குருவியும் தச்சரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று ஜோடி மஞ்சள் கண்கள். அவற்றில் வெள்ளைப் பாதி எதுவும் இல்லை.